வாஷுக்கு ஈ உண்டு, வாக்குக்கு ஏன் இல்ல?

போன புதன்கிழமை சாயங்காலம் அக்கா பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் வராததுமா பையைத் தூக்கி மூலைல போட்டுட்டு, நாலா மடிச்ச ஒரு பேப்பரை மட்டும் கையில வச்சுக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தான். ஆறாவது படிக்கிறான். இங்கிலீஷ் கிளாஸ் டெஸ்ட், பத்துக்கு மூணு. எல்லாமே கோடிட்ட இடம் நிரப்புற கேள்வி, பிராக்கெட்ல ஒரு வெர்ப் இருக்கும், முன்னாடி ஹீயோ ஷீயோ இட்டோ இருக்கும், அதுக்கு ஏத்தமாதிரி மாத்தி எழுதணும். வாக், ஈட், ரன் மூணுக்கும் எஸ் போட்டு ரைட் வாங்கியிருக்கான். வாஷுக்கும் அதே மாதிரி எஸ் மட்டும் போட்டிருக்கான், தப்பு. ஸ்டடில ஒய்யைத் தொடாம பின்னாடி எஸ் ஒட்டியிருக்கான், தப்பு. பிளேன்னு வந்த எடத்துல திடீர்னு எதோ ஞாபகம் வந்து ஒய்யை எடுத்துட்டு ஐ ஈ எஸ் போட்டிருக்கான், அதுவும் தப்பு. வாட்ச், ஃபிக்ஸ், கோ, கிரை எல்லாத்துக்கு மேலயும் சிவப்பு மையில பெருக்கல் குறி.

"சித்தி, வாக்குக்கு எஸ் மட்டும் போட்டா ரைட்டு, வாஷுக்கு எஸ் மட்டும் போட்டா தப்பு. வாஷுக்கு மட்டும் எதுக்கு நடுவுல ஒரு ஈ வருது?"ன்னு கேட்டான். மிஸ்கிட்ட கேட்டியாடான்னா, "பட்டியல் எழுதிப் போட்டாங்க, மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க"ன்னான்.

மிஸ்ஸை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு வகுப்புல அத்தனை புள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தனுக்கும் ஏன் எதுக்குன்னு விளக்குறதுக்கு முக்காமணி நேரம் பத்தாது. ஆனா இவன் கேட்ட கேள்வி ரொம்ப நல்ல கேள்வி, அதுக்குப் பதில் பட்டியல்ல இல்ல, வாயில இருக்கு. எனக்கே இது காலேஜ் முடிச்சு வேலைக்குப் போயி போன்ல நாள் முழுக்க இங்கிலீஷ் கேட்டப்புறம்தான் பிடிபட்டுச்சு. அதனால அன்னைக்கு ராத்திரி சாப்பாடு வரைக்கும் அவனோட இதுதான் வேலை. இதே பட்டியலை மனப்பாடம் பண்ணிக்கிட்டு எத்தனையோ புள்ளைங்க உக்காந்திருக்கும், அவங்க அம்மா அப்பா யாராவது படிச்சா உபயோகமா இருக்கும்னுதான் எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இசட் சத்தத்துக்கு தமிழ்ல எழுத்து கிடையாது. இங்க ஸ்னு எழுதினா வெறும் காத்து, ஃஜ்னு எழுதினா அதே காத்தோட தொண்டையும் சேர்ந்து அதிருது, அப்படி வச்சுக்கோங்க. இது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாம மேல போக முடியாது, ஏன்னா வெர்புக்குப் பின்னாடி வர்ற எஸ் எழுத்துல ஒண்ணு, வாயில மூணு.

அவனுக்கு எப்படிக் காட்டினேன்னா, குக்கர்ல வெயிட்டை லேசாத் தூக்கினா ஆவி போகும்ல, அந்த சத்தத்தை வாயால பண்ணச் சொன்னேன். ஸ்ஸ்ஸ்ஸ்னு பண்ணினான். இப்ப ராத்திரி காதுகிட்ட கொசு வந்தா எப்படி இருக்கும்னேன். ஃஜ்ஃஜ்ஃஜ்னான். ரெண்டு விரலைத் தொண்டைல வச்சுக்கிட்டு ரெண்டையும் மாத்தி மாத்தி பண்ணுடான்னேன். குக்கருக்குத் தொண்டை சும்மா கெடக்கு, கொசுவுக்குத் தொண்டை அதிருது. நாக்கு ரெண்டுக்கும் ஒரே எடத்துலதான் இருக்கு, பல்லு நகரல, உதடு நகரல. பக்கத்துல முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்த எங்கம்மா, அவனுக்கு அம்மாச்சி, இங்கிலீஷ்ல ஏ பி சி டி தாண்டாதவங்க, கீரைக்கையோட அவங்களும் தொண்டைல விரலை வச்சுப் பண்ணிப் பாத்துட்டு "அட ஆமாண்டா, உள்ள கிர்ர்ருங்குது"ன்னாங்க. அவ்வளவுதான் இதுக்குத் தேவையான சாமான், ரெண்டு விரல்.

இப்ப வெர்பை எடுத்துக்கோ, எஸ் போடாம சொல்லு, கடைசி சத்தத்துல தொண்டை அதிருதா பாருன்னேன். வாக், கடைசில க், அதிரல. ஈட், அதிரல. ஸ்டாப், அதிரல. லாஃப், அதிரல. அப்ப பின்னாடி வர்ற எஸ்ஸும் அதிராது, வாக்ஸ், ஈட்ஸ், ஸ்டாப்ஸ், லாஃப்ஸ், எல்லாம் குக்கர். அடுத்தது ரன், கம், சிங், கால், கிவ், அப்புறம் பிளே, சீ, கோ மாதிரி உயிரெழுத்து சத்தத்துல முடியறது எல்லாம். இதுல எல்லாம் கடைசி சத்தத்துல தொண்டை ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கு, ஓடுற மோட்டாரை ஏன் நிறுத்தணும், அப்படியே ரன்ஃஜ், கம்ஃஜ், சிங்ஃஜ், கால்ஃஜ், கிவ்ஃஜ், பிளேஃஜ், சீஃஜ், கோஃஜ். எல்லாம் கொசு. முன்னாடி நிக்கிற சத்தம் எப்படியோ எஸ்ஸும் அப்படி. வேற எந்த ரூலும் இந்த ரெண்டுக்கும் கிடையாது.

இதைக் கேட்டதும் "ஒரே எழுத்தை எப்படி ரெண்டு விதமா சொல்றாங்க, குழப்பமா இருக்காதா?"ன்னான். அப்பதான் எனக்கு நம்ம கள் விகுதி ஞாபகத்துக்கு வந்துச்சு. தமிழ் புக்கை எடுத்து சத்தமா படிடான்னேன். வீடுகள், மரங்கள், பூக்கள். எழுதுறது மூணுலயும் கள்தான். ஆனா வீடுகள்னு சொல்றப்ப அந்த க ஏறக்குறைய ஹ மாதிரி இளகிப் போகுது, மரங்கள்ல பக்கத்துல ங் நிக்குறதால இங்கிலீஷ்ல கோன்னு சொல்றப்ப வர்ற ஜி எழுத்தோட சத்தமா தொண்டை அதிர்ந்து வருது, பூக்கள்ல அழுத்தி க்க. யாராவது உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தாங்களா? பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணியா? ஒண்ணாவதுலயே சரியா படிச்சியே. பக்கத்து சத்தத்தைப் பாத்து தன்னை மாத்திக்கிற விகுதி நமக்குப் புதுசே இல்ல, நாம பொறந்ததுல இருந்து செய்யுற காரியம், அதை இங்கிலீஷ்லயும் செய்யணும் அவ்வளவுதான். இதை எங்க ஸ்கூல்ல யாராவது அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்குப் பாதி பயம் போயிருக்கும்.

சரி வாஷுக்கு வருவோம். வாஷ்னு சொல்லிட்டு உடனே எஸ் சொல்லிப் பாருன்னேன். வாஷ்ஸ். திரும்பச் சொன்னான், வாஷ்ஷ்ஸ். ரெண்டும் ஒரே குடும்பத்து சத்தம், காத்தை உரசி விடுற சத்தம், ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா பின்னாடி வந்தது காதுல விழவே விழாது. அதனால நடுவுல ஒரு சின்ன இ நிக்குது, வாஷிஃஜ். அந்த இ உயிர்ங்கறதால தொண்டை ஓடும், அதுக்குப் பின்னாடி வர்ற எஸ் எப்பவுமே கொசுதான். ஸ், ஃஜ், ஷ், ச், ஜ், இந்தக் குடும்பத்துல எதுல முடிஞ்சாலும் இதே கதைதான், பாஸிஃஜ், வாட்சிஃஜ், ஃபிக்ஸிஃஜ், சேஞ்ஜிஃஜ். ஃபிக்ஸ்ல எஸ் எங்க இருக்குன்னு கேட்டான், எக்ஸ் எழுத்தோட பேரையே மெதுவா சொல்லிப் பாருடான்னேன், எக்...ஸ், உள்ளயே ஒளிஞ்சிருக்கு.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாம எல்லாரும் அந்த இ சத்தத்தை வாஷ்ல 'சேர்க்குறோம்'னு நினைக்கிறோம், புக்குலயும் அப்படித்தான் இருக்கும். சரித்திரம் அப்படியே தலைகீழ். ஒரு காலத்துல கிட்டத்தட்ட எல்லா வெர்புக்கும் அந்த விகுதில ஒரு உயிர் இருந்துச்சு, வாக்கெஸ், ரன்னெஸ்னு ரெண்டு அசையா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 14, 15, 16ஆம் நூற்றாண்டுகள்ல பேசிப் பேசி அந்த உயிர் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு போச்சு, நாம வருகிறான்னு இருக்கறதை வர்றான்னு தேச்ச மாதிரி. தேய முடியாத ஒரே எடம் ஷ், ஸ், ச் குடும்பம், அங்க உயிர் போயிட்டா விகுதியே காதுல விழாதே. அதனால அங்க மட்டும் நின்னு போச்சு. வாஷிஃஜ்ல இருக்கற இ புதுசா வந்தது இல்ல, மத்த எல்லா எடத்துலயும் போனப்புறம் மிஞ்சி நிக்குறது. "அப்ப வாஷுக்கு ஈ ஏன் வந்துச்சுங்கறது கேள்வி இல்லடா, வாக்குக்கு ஈ எங்க போச்சுங்கறதுதான் கேள்வி"ன்னு சொன்னப்ப அவன் முகத்தைப் பாக்கணுமே.

ஸ்பெல்லிங்ல புள்ளைங்க மாட்டுற எடம், கண்ணை நம்புறது. மேக்ஸ், கோஃஜ், வாஷிஃஜ், டான்ஸிஃஜ், இந்த நாலையும் இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க, நாலும் ஈ எஸ்ல முடியும். ஆனா மேக்ஸுக்கு ஒரு தட்டு, கோஃஜுக்கு ஒரு தட்டு, மத்த ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு தட்டு. தட்டுன்னு நான் சொல்றது கை தட்டுறது, தமிழ் வாத்தியார் அசை பிரிக்கிற மாதிரி. மேக்ல ஈ ஏற்கனவே இருக்கு, சத்தம் இல்லாத ஈ, எஸ் மட்டும் வந்து ஒட்டிக்கிச்சு. டான்ஸ்லயும் ஈ ஏற்கனவே இருக்கு, எஸ் மட்டும்தான் ஒட்டுச்சு, ஆனா முன்னாடி ஸ் சத்தம் இருக்கறதால அந்த ஈ உயிர் பெறுது. கோவுல ஓ எழுத்துக்குப் பின்னாடி பழக்கமா ஈ எஸ் போடுறாங்க, சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, டூ, எக்கோ எல்லாம் அதே ரகம். எழுத்தைப் பாத்து சத்தம் கண்டுபிடிக்கப் போனா லைக்கஸ், மேக்கஸ்னு படிக்கத்தான் தோணும், நிறைய புள்ளைங்க அப்படித்தான் படிக்குதுங்க. சத்தத்தைக் காதுல கேட்டுட்டு, கையைத் தட்டி எண்ணிட்டு அப்புறம் எழுத்துக்குப் போனா, ஒரு தட்டு கூடுச்சுன்னா ஈ எஸ் வேணும், ஈ ஏற்கனவே இருந்தா எஸ் மட்டும் போதும், தட்டு கூடலைன்னா பெரும்பாலும் எஸ் மட்டும், முக்கால்வாசி முடிஞ்சுது. சி எச்ல முடியுற ஸ்டொமக்ங்கற சொல்லை வெர்பா எழுதினாக்கூட எஸ் மட்டும்தான், ஏன்னா அங்க சி எச்சோட சத்தம் க். ஸ்பெல்லிங்கும் எழுத்தைப் பாக்கல, சத்தத்தைத்தான் பாக்குதுங்கறதுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்ல. அதே மாதிரி ஜி எச்ல முடியுற லாஃபுக்கு ஃப் சத்தம், லாஃப்ஸ், குக்கர். அதே ஜி எச்ல முடியுற சை, பெருமூச்சு விடுறதுக்குச் சொல்றது, அதுல ஜி எச் வாயே திறக்காது, அதனால சைஃஜ், கொசு.

ஒய் விஷயம் தனி. கிரை, ஸ்டடி, ஃப்ளை இதுல எல்லாம் ஒய்யை எடுத்துட்டு ஐ ஈ எஸ். இதுவும் அநியாயமா தெரியும், ஆனா 400 வருஷம் முன்னாடி அச்சடிச்ச இங்கிலீஷ் பக்கத்தைப் பாத்தா விஷயம் புரிஞ்சிடும். அப்ப எஸ் போடாம எழுதுறப்பவே ஸ்டடியை நிறைய எடத்துல ஐ ஈ போட்டுத்தான் முடிப்பாங்க, கிரையும் அப்படித்தான், ஃப்ளையும் அப்படித்தான். அதுக்குப் பின்னாடி வெறும் எஸ் ஒட்டினா ஐ ஈ எஸ். அப்புறம் சொல்லோட கடைசில ஐ ஈக்குப் பதில் ஒய் போடுற பழக்கம் நிலைச்சுப் போச்சு, ஆனா எஸ் வந்து மறைச்சுக்கிட்ட எடத்துல பழைய ஐ ஈ அப்படியே தங்கிடுச்சு. பிளே, பை, என்ஜாய் இதுல எல்லாம் ஒய் தனியாள் இல்ல, முன்னாடி இருக்கற ஏ, யூ, ஓவோட ஜோடி சேர்ந்து ஒரே சத்தம் குடுக்குது, ஜோடியைப் பிரிக்க மாட்டாங்க, அதனால எஸ் மட்டும். பையன் இதை உடனே பிடிச்சுக்கிட்டான், "ஜோடி இருந்தா தொடக்கூடாது"ன்னு பேப்பர் ஓரத்துல எழுதி வச்சுக்கிட்டான்.

இந்த எஸ்ஸே ஒரு காலத்துல நாட்டுப்புறத்து எஸ்னு சொன்னா நம்புவீங்களா. தெற்கு இங்கிலாந்துல, லண்டன் பக்கமெல்லாம், எஸ்ஸே கிடையாது, ஈ டி எச், ஹீ மேக்கெத், ஷீ லவெத், இப்படி. எஸ் வடக்கத்திக்காரங்க பேச்சு. வடகிழக்குக் கரையில லிண்டிஸ்ஃபார்ன்னு ஒரு தீவு, அங்க எழுதின லத்தீன் சுவிசேஷப் பிரதி ஒண்ணு இருக்கு, இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. 10ஆம் நூற்றாண்டுல ஆல்ட்ரெட்னு ஒரு பாதிரியார், நம்ம பதவுரை மாதிரி, லத்தீன் சொல் ஒவ்வொண்ணுக்கு மேலயும் பொடி எழுத்துல இங்கிலீஷ் அர்த்தம் எழுதி வச்சாரு. அதுல பழைய எத் விகுதியும் இருக்கு, கூடவே இந்த எஸ்ஸும் வந்து நிக்குது. 14ஆம் நூற்றாண்டு கடைசில லண்டன்ல இருந்து எழுதின சாசர்ங்கற கவிஞர், தான் கதை சொல்றப்ப எத்துன்னு எழுதுவாரு, ஒரு கதைல வடக்கத்தி மாணவங்க ரெண்டு பேர் பேசுற எடத்துல மட்டும் எஸ் போட்டு எழுதினாரு, நம்ம கதைகள்ல ஒருத்தரை நெல்லைத் தமிழ் பேச வைக்கிற மாதிரி. அந்த எஸ்தான் தெற்க நகர்ந்து நகர்ந்து வந்து கடைசில எல்லாரையும் பிடிச்சுக்கிச்சு. ஷேக்ஸ்பியர் காலத்துல ரெண்டும் ஓடுது, கருணையைப் பத்தின அந்தப் பேர்போன வசனத்துல ஒரே வரிக்குள்ள ப்ளெஸ்ஸெத்தும் இருக்கு, கிவ்ஸும் இருக்கு. ஒரு அசை தேவைப்பட்டா எத், வேணாம்னா எஸ். 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் பிடிவாதமா எத்துலயே நின்னுச்சு.

இந்தக் கதைல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ரிச்சர்ட் ஹாட்ஜஸ். லண்டன்ல சதர்க் பக்கம் இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1643ல ஸ்பெல்லிங் சொல்லிக் குடுக்க ஒரு புக் போட்டாரு. அதுல, லீடெத், மேக்கெத், நோட்டெத்னு நாம எழுதினாலும் வாயில சொல்றது லீட்ஃஜ், மேக்ஸ், நோட்ஸ்னுதான்னு தெளிவா சொல்லிட்டாரு. யோசிச்சுப் பாருங்க, எழுதுறது ஒண்ணு, பேசுறது ஒண்ணு, புள்ளைங்களுக்கு ரெண்டையும் சொல்லிக் குடுக்கணும்னு ஒரு வாத்தியார் கவலைப்படுறாரு. செல்கிறார்னு போர்டுல எழுதிட்டு போறாருன்னு பேசுற நம்ம தமிழ் வாத்தியாரும் அவரும் ஒரே பெஞ்சுல உக்கார வேண்டியவங்க.

இனி நம்ம பக்கத்து சங்கடம் ஒண்ணு. கடைல கிடைக்கிற இங்கிலீஷ் கத்துக்குற புக் எல்லாத்துலயும் உச்சரிப்பைத் தமிழ் எழுத்துல போட்டிருப்பாங்க. நல்ல எண்ணம்தான், ஆனா நம்ம க், ட், ப் தொண்டை அதிர்றதையும் அதிராததையும் பிரிச்சுக் காட்டாது. கோழி கொத்துது, அதுக்கு இங்கிலீஷ்ல பெக். ஒருத்தர் பிச்சை கேக்குறாரு, அதுக்கும் பெக். தமிழ்ல எழுதினா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு, இங்கிலீஷ்ல வேற வேற, ஆரம்பமும் வேற முடிவும் வேற. கோழி பண்றது பெக்ஸ், குக்கர். பிச்சை கேக்குறது கடைசில ஜி எழுத்தோட சத்தம், அதனால கொசு, அதோட அந்த எ சத்தமும் கொஞ்சம் நீளும், தொண்டை அதிர்ற சத்தத்துக்கு முன்னாடி உயிர் நீண்டு வர்றது இங்கிலீஷ்காரங்க வாய்ப்பழக்கம். எங்கம்மா இதைக் கேட்டுட்டு "கோழிக்கும் பிச்சைக்காரருக்கும் ஒரே பேரா"ன்னு வருத்தப்பட்டாங்க. அந்தத் தமிழ் எழுத்தை மட்டும் நம்பிப் படிக்கிற புள்ளைக்கு எந்தக் காலத்துலயும் ஸ் எங்க ஃஜ் எங்கன்னு தெரியப் போறது இல்ல. புக்கை மூடிட்டு காதால கேக்கணும், தொண்டைல விரல் வைக்கணும், வேற வழி இல்ல.

ஒண்ணு நேர்மையா சொல்லணும். ஃஜ் வர வேண்டிய எடத்துல ஸ் சொன்னா யாருக்கும் புரியாமப் போகாது, ரன்ஸ்னு சொன்னாலும் கம்ஸ்னு சொன்னாலும் வேலை நடக்கும், நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் பேசுறோம், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா அந்த மூணாவது ரகத்துல தட்டு விட்டுப் போச்சுன்னா புரியாது, வாட்சிஃஜை வாட்ச்னு முடிச்சா கேக்குறவங்களுக்கு எஸ் இருக்கறதே தெரியாது. அதனால நேரம் கம்மியா இருந்தா முதல்ல அதைச் சொல்லிக் குடுங்க, கொசுவை அப்புறம் பாத்துக்கலாம்.

எந்த ரூலுக்கும் அடங்காதது நாலே நாலு. சே, ஆனா செஃஜ். டூ, ஆனா டஃஜ். ஹேவ், ஆனா ஹேஃஜ். பி, ஆனா இஃஜ். நாள் பூரா பேசுற சொல்லு ஆச்சே, தேஞ்சுதானே போகும், பழைய வீட்டு வாசப்படி மாதிரி. செஃஜ்ஜை நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் சேஸ்னுதான் படிச்சேன், ஒருத்தரும் திருத்தல. இந்த நாலை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோடான்னு சொன்னேன், நாலுக்கு அவன் ஒண்ணும் சொல்லல.

அப்புறம் அவனே ஒரு தப்பைக் காட்டினான், நோட்டுல டஸ் ஹீ கோஸ்னு எழுதியிருந்தான். இருக்கறது ஒரே ஒரு எஸ்தான், கேள்வி கேக்குறப்ப டூ முன்னாடி ஓடி வந்து அதை வாங்கிக்குது, பின்னாடி கோவுக்கு மிச்சம் இல்லன்னேன். கேன், மே, மஸ்ட் இதுக்கெல்லாம் எஸ்ஸே வராது, அதெல்லாம் ஆதியில இறந்தகால உருவமா இருந்து நிகழ்காலத்துக்கு வந்த சொல்லுங்க, இறந்தகாலத்துல எஸ் கிடையாதே.

அவன் மனசுல இருந்த பெரிய கவலை, நாம தமிழ் ஆளுங்கறதால இது வரலையோன்னு. அது நிஜம் இல்ல. ஹார்வர்ட்ல ராஜர் பிரவுன்னு ஒருத்தர் இங்கிலீஷ் வீட்டுல பொறந்த மூணு குழந்தைங்க பேச்சை வருஷக்கணக்குல பதிவு பண்ணி 1973ல புக்கா போட்டாரு. அந்தக் குழந்தைங்களுக்கு பன்மைக்கு வர்ற எஸ் சீக்கிரமே வந்துடுது, வெர்புக்கு வர்ற எஸ் அதுக்கு ரொம்பப் பின்னாடிதான் வருது, சத்தம் ரெண்டுக்கும் ஒண்ணாவே இருந்தும். காரணம் எனக்குப் புரியுற மாதிரிதான் இருக்கு, பூனை ஒண்ணா நாலான்னு அந்த எஸ் இல்லாமத் தெரியாது, ஆனா ஹீன்னு முன்னாடியே சொல்லியாச்சு, வெர்புல எஸ் இல்லைன்னாலும் யாருன்னு தெரியும். நமக்குப் போறேன், போற, போறான், போறா, போவுது, போறாங்கன்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆளைக் காட்டுது, நான் நீன்னு சொல்லவே வேணாம். இங்கிலீஷ்ல மத்த எல்லாத்துக்கும் கோ, இந்த ஒருத்தருக்கு மட்டும் ஒரு எஸ், தனியா நிக்குறது விட்டுப் போறது சகஜம். இங்கிலாந்துலயே நார்விச் பக்கம் ஹீ கோ, ஷீ லைக்னு எஸ் இல்லாமப் பேசுறது அந்த ஊர்ப் பேச்சு. அதே ஊர்ல பொறந்த பீட்டர் ட்ரட்கில் 1974ல அதைப் பத்திப் புத்தகமே எழுதினாரு, உழைக்கிற சனங்க பேச்சுல அந்த எஸ் பெரும்பாலும் வர்றதே இல்ல.

கடைசியா ஒரு விளையாட்டு விளையாடினோம். 1958ல ஜீன் பெர்கோன்னு ஒரு அம்மா சின்னக் குழந்தைங்களுக்கு இல்லாத சொல்லைக் குடுத்து அதோட எஸ்ஸைச் சொல்லச் சொன்னாங்க, இல்லாத சொல்லை யாரும் மனப்பாடம் பண்ணியிருக்க முடியாதுல்ல. நானும் அதே மாதிரி பண்ணினேன். "ப்ளிப்னு ஒரு வேலை இருக்கு, அவன் தினம் அதைத்தான் செய்யுறான், ஹீ...?" விரலைத் தொண்டைல வச்சான், "ப்ளிப்ஸ்". "டோம்?" "டோம்ஃஜ்." "க்ரஷ்ஷுக்குப் பக்கத்து வீடு, ட்ரஷ்?" கொஞ்சம் யோசிச்சான், கையைத் தட்டிப் பாத்தான், "ட்ரஷ்ஷிஃஜ்"ன்னான், அதை எழுதுடான்னா ஈ எஸ் போட்டு எழுதினான், பட்டியல்ல இல்லாத சொல்லுக்கு. அந்தப் பேப்பரை நான் எடுத்து வச்சிருக்கேன். ஆஸ்க்ஸ் மட்டும் இன்னும் வரல, ஸ் க் ஸ் மூணும் ஒண்ணா வர்றதால ஆக்ஸ்னு ஆயிடுது, மெதுவா வரட்டும்.

ஞாயித்துக்கிழமை டிவில கிரிக்கெட் ஓடிக்கிட்டு இருந்துச்சு, இவன் எப்பவும் தமிழ் கமெண்ட்ரி வைக்கிறவன், இங்கிலீஷுக்கு மாத்திட்டு சோபால காலை மடிச்சு உக்காந்திருக்கான், ரெண்டு விரல் தொண்டைல. பௌல்ஃஜ், கொசு. ஹிட்ஸ், குக்கர். ட்ரைவ்ஃஜ், கொசு. மிஸ்ஸிஃஜ்னு வந்ததும் படக்குனு ரெண்டு தட்டு தட்டினான். அடுத்த பால்ல விக்கெட்டு விழுந்து தெருவே கத்துச்சு, அவன் என் பக்கம் திரும்பி, "சித்தி, கேட்சுக்கு ரெண்டு தட்டுதானே"ன்னான்.